மொட்டைமாடியில் ஒரு மெதுவான கை

இந்த வருஷம் ஒரு அவரைக்கொட்டையைக்கூடத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன். வாயால் எடுத்தேன். அதுவும் மாடிப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி எடுத்தேன்.

ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழிப் பனி இறங்கியதும் இந்தப் பக்கத்தில் அவரை சீசன். சந்தையெல்லாம் அவரை. டவுன் பஸ் முழுக்க அவரை வாசம். காயை உரித்துக் கொட்டை எடுப்பது முதல் வேலை. அது பரவாயில்லை, மனுஷன் செய்யலாம். அதற்கப்புறம்தான் கொடுமை. அந்தக் கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்த வேண்டும். தோல் கையில் நிற்கும். பருப்பு பிதுங்கிக்கொண்டு பாத்திரத்தில் குதிக்கும். அதுதான் பிதுக்குப் பருப்பு. அதில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். நான் குழம்புக்கு விரோதி இல்லை. பிதுக்குவதற்குத்தான் விரோதி. ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு குடும்பமே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிதுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? நான் முசிறிக்காரன். எங்கள் ஊரில் பருப்பு கடையிலேயே பருப்பாகத்தான் இருக்கும்.

என் மனைவி பூங்கொடி குருபரப்பள்ளிக்காரி. அவள் அண்ணன் வெங்கடப்பனுக்கு அங்கே ஹைவே ஓரமாக அவரைத் தோட்டம். சீசன் வந்துவிட்டால் வாரா வாரம் ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றி விடுவார். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அது வந்து இறங்கும். மாப்பிள்ளை மேல் அத்தனை பாசம்.

போன சீசனில் பிதுக்கிப் பிதுக்கி என் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துபோனது. பொய்யில்லை. எங்கள் ஃபேக்டரி கேட்டில் அப்போதுதான் கைரேகை மெஷின் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் விரலை வைத்தேன். நீ யாரென்றே தெரியாது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தேன். சிவப்பு. ஊதி வைத்தேன். சிவப்பு. பின்னால் ஷிப்ட் ஆட்கள் வரிசை வளர்கிறது. டைம் ஆபீஸ்காரர் வந்து என் விரலைத் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "அவரையா சார்?" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. அன்றைக்கு ஏறிய கோபம்தான் இந்த சபதம்.

"பூங்கொடி, நல்லாக் கேட்டுக்க. இந்த சீசன்ல நான் ஒரு கொட்டையத் தொட மாட்டேன்."

"தொட்டா?"

"தொட்டா..." யோசித்தேன். கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கலாம். "தொட்டா, வருஷம் பூரா நீ என்ன வேலை சொன்னாலும் ஏன் எதுக்குன்னு கேக்காம செய்யறேன்."

"எந்த வேலைன்னாலுமா?"

"எந்த வேலைன்னாலும்!"

"தொடலன்னா?"

"ஆயுசுக்கும் என்னை அவரைப் பக்கம் கூப்பிடக் கூடாது."

"சரிங்க," என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பூங்கொடி சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. அழுதால்கூடச் சமாளித்துவிடுவேன். 'சரிங்க' என்று அடக்கமாகச் சொன்னால்தான் பயம். அன்றைக்கு இருந்த வீறாப்பில் அதைக் கவனிக்கவில்லை.

கீழே வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சரோஜம்மாள் நிமிர்ந்தார். அவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெரியும். மூன்றிலும் ஊர்க்கதை கேட்பார்.

"ஏனப்பா பொன்னுசாமி, நானும் கேட்டுட்டேன். சாட்சி நானு!" என்றார்.

சபதம் எடுப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். நாலு பேர் பிதுக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், அந்தக் கை தானாகவே தட்டுக்குப் போய்விடும். எனக்கு ஒரு வேலை வேண்டும். பெரிய வேலை. யாரும் குறுக்கே வர முடியாத வேலை.

அது ஃபேக்டரியில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் சுபாஷ் புதுசாக ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தான். எங்கள் கம்பெனியின் குடும்ப தினம் வரப்போகிறது, ஊழியர்கள் யாராவது நம்ம ஊரைப் பற்றி ஒரு நிமிஷப் படம் எடுத்துக் கொடுத்தால் பெரிய திரையில் போடுவோம் என்று ஹெச்.ஆர். மேனேஜர் நாராயணப்பன் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். சுபாஷ் கம்ப்யூட்டரில் ஒரு வெளிநாட்டுப் படம் காட்டினான். ஒரு பெரிய நகரம். வெயில் சாய்கிறது, வானம் சிவக்கிறது, நீலமாகிறது, கட்டடங்களில் விளக்கு ஒவ்வொன்றாகப் பூக்கிறது. எல்லாம் ஒரே நிமிஷத்தில். கேமராவோ மிதந்துகொண்டே பக்கவாட்டில் போகிறது. நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

"எப்படிடா இது?"

"வீடியோ இல்லண்ணே. விட்டு விட்டு ஒவ்வொரு போட்டோவா எடுக்கறது. சாயங்காலம் பூரா எடுத்து, அப்புறம் ஒட்டி ஓட்டறாங்க. கேமராவ ஒரு தண்டவாளத்துல வெச்சு மோட்டார்ல நகத்தறாங்க. அந்தத் தண்டவாளம் மட்டும் இங்க கிடைக்காது."

கிடைக்காதா? டூல் ரூம்காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. பழைய சாமான் குவியலில் பாலிஷ் போட்ட ரெண்டு இரும்பு ராடு கிடந்தது. அனுமதி கேட்டு எடுத்தேன். நடுவில் மரையோடிய நீளக் கம்பி. அதைத் திருக ஒரு லாரி வைப்பர் மோட்டார். அதன் வேகத்தை அடக்க நாலு பல்சக்கரம். எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்க என் பழைய பைக் பேட்டரி. மோட்டாரைப் போட்டால் மேலே உட்கார்ந்த கேமரா ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கிற மாதிரிதான் இருக்கும். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி. செய்து முடித்த அன்று நானே அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? வெயில் இருக்கும்போது தொடங்கினால் ஊர் விளக்கெல்லாம் எரியும் வரைக்கும் நிறுத்தவே முடியாது. சரியாகப் பிதுக்கும் நேரம்!

வீட்டில் சட்டங்களை அறிவித்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடிக்கு யாரும் வரக் கூடாது. நடந்தா தளம் அதிரும். துணி காயப்போடக் கூடாது. என்னைக் கூப்பிடவே கூடாது."

"நீங்களும் அங்கயே இருக்கணுமாங்க?"

"பின்னே? வெளிச்சம் குறையக் குறைய கேமராவுல செட்டிங்க கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். இல்லன்னா படம் இருட்டிப்போகும். அந்த இடத்த விட்டு நகரவே முடியாது."

"சாயங்காலம் பூராவா?"

"பூரா."

"அய்யோ பாவம்," என்றாள் பூங்கொடி. அப்புறம், "சரிங்க."

முதல் ஞாயிறு. மாடியில் தண்டவாளத்தைப் பூட்டினேன். எதிரே கால்நடைப் பண்ணை மரங்கள். அதற்கு அப்பால் ஓசூர் ஊர், மலைமேல் கோயில், பக்கத்தில் ஃபேக்டரிப் புகைபோக்கிகள், தூரத்தில் பெங்களூர் ஹைவே. வெயில் கர்நாடகா பக்கம் இறங்கியது. வானம் ஆரஞ்சுப் பழத் தோல் நிறத்துக்கு வந்தது. விளக்கு போடும் நேரம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் கட்.

அந்த வருஷம் கரண்ட் கட் இல்லாத சாயங்காலம் தீபாவளி மாதிரி எப்போதாவதுதான் வரும். படத்தை ஓட்டிப் பார்த்தோம். பகல் இருந்தது. இருட்டானது. அவ்வளவுதான்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் பூங்கொடி. "ஆனா எங்க ஊர்லயும் தெனம் இப்படித்தானே ஆவுது?"

இரண்டாம் ஞாயிறு தெய்வம் கண் திறந்தது. கரண்ட் போகவில்லை. அப்பா, அந்தச் சாயங்காலத்தை என்னவென்று சொல்ல! இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஷிப்டுக்குப் போவேன், வருவேன், தூங்குவேன். ஒரு நாள்கூட இந்த ஊர் இருட்டுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. முதலில் கோயில் மலையில் ஒரு விளக்கு. அதற்குப் பதில் சொல்கிற மாதிரி கீழே ஒன்று. அப்புறம் ஃபேக்டரி ஷெட்டுகள் வரிசையாக. வானம் முழுசாகக் கறுக்கவில்லை, மயில் கழுத்து நீலத்தில் நிற்கிறது. ஹைவேயில் லாரி விளக்குகள் ஓடத் தொடங்குகின்றன. திருச்சி, மதுரை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் போட்ட விளக்கு அத்தனையும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராதான் கலங்காமல் எடுத்துக்கொண்டிருந்தது.

பூங்கொடியையும் சரோஜம்மாளையும் கூப்பிட்டுப் படத்தைப் போட்டேன்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க," என்றாள் பூங்கொடி. மனசாரத்தான் சொன்னாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் கேட்டாள். "அந்த மோட்டாரு எதுக்குங்க?"

"கேமரா நகரத்தான்."

"நகந்துதா?"

"நகந்துதே! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு!"

"படத்துல ஒண்ணும் நகரலையே."

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். மலை அங்கேயே இருந்தது, ஊர் அங்கேயே இருந்தது. ஒரு செங்கல் மேல் கேமராவை வைத்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும். என் ராடு, என் பல்சக்கரம், என் வைப்பர் மோட்டார், எல்லாம் தண்டம்.

"கிருஷ்ணகிரி பஸ்ல போறப்ப, பக்கத்துல இருக்கற மரம் ஓடும். தூரத்துல இருக்கற மலை ஓடுமாங்க?" என்றாள் அவள், சும்மா ஏதோ பேச்சுக்குச் சொல்கிற மாதிரி.

எனக்குப் பொறி தட்டியது. "கிட்டத்துல ஏதாவது ஒண்ணு வெக்கணும்! அதத் தாண்டி கேமரா போகணும்! அப்பத்தான் நகர்றது தெரியும்!"

"பெரிய மூளைங்க உங்களுக்கு," என்றாள்.

துளசித் தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேல் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்தேன். நகர்வது தெரிந்தது. நான் துள்ளினேன். பூங்கொடி மோவாயில் கை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா வானம் மாறுது, ஊரு மாறுது, தொட்டி மட்டும் தேமேன்னு உக்காந்திருக்குது. அதுவும் கொஞ்சம் மாறிக்கிட்டே இருந்தா..."

"மாறணும்னா? என்ன வெக்கறது?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான் படம் எடுக்கறவரு."

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற பொருள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற பொருள். கட்டில், பீரோ, டிவி. டிவிக்குப் பக்கத்தில், அப்போதுதான் குருபரப்பள்ளியிலிருந்து வந்து இறங்கிய மூட்டை.

"அவரை!" என்று கத்தினேன். "ஒரு பக்கம் ஊறவெச்ச கொட்டை. இன்னொரு பக்கம் பிதுக்கின பருப்பு. இந்தக் குவியல் இறங்க இறங்க அந்தக் குவியல் ஏறும். பின்னால பகல் ராத்திரியா மாறும்!"

"அய்யய்யோ, வேணாங்க. உங்களுக்குத்தான் அவரைன்னா ஆகாதே."

"நானா தொடப்போறேன்? நீ பிதுக்கு. கேமரா எடுக்கும்."

"அப்படின்னா சரிங்க."

அடுத்த ஞாயிறு பூங்கொடியை உட்காரவைத்து எடுத்தேன். கை மட்டும் படத்தில் வரும்படி. அவள் பிதுக்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பிதுக்கிய கை. நான் கேமராவுக்குள் கண் வைத்து எடுப்பதற்குள் குவியலில் பாதியைக் காணோம். பண்ணை மரத்தின் மேல் வெயில் பளபளவென்று இருக்கும்போதே தாம்பாளம் காலி.

"மெதுவா பிதுக்கும்மா!"

"எனக்கு மெதுவா வராதுங்க. கை கேக்க மாட்டேங்குது."

அதற்கடுத்த ஞாயிறு சரோஜம்மாள் வந்தார். அவர் கை மெதுவான கைதான். ஆனால் பேசும்போது கையும் கூடப் பேசும். ரெண்டு கொட்டை பிதுக்குவார், கன்னடத்தில் ஒரு கதை சொல்வார், எழுந்து தெருவை எட்டிப் பார்ப்பார், யாரையோ தெலுங்கில் திட்டிவிட்டு வந்து உட்காருவார். படத்தை ஓட்டினால், குவியல் அப்படியே நிற்கிறது, நடுநடுவே ஒரு வளையல் கை பேய் மாதிரி பாய்ந்து மறைகிறது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். குடும்ப தினம் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. "படம் எங்கப்பா?" என்று நாராயணப்பன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

"ஒரு ஆளு வேணும் பூங்கொடி. பேசாம, எழுந்திரிக்காம, ஒரே சீரா, மெதுவா, ரொம்ப மெதுவா பிதுக்கற ஆளு. இந்த ஊர்ல அப்படி யாருமே இல்லையா?"

ரெண்டு பெண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பூங்கொடி முந்தானை நுனியைத் திருகினாள். சரோஜம்மாள் இருமினார்.

அப்போதுதான் எனக்கே தோன்றியது. போன வருஷம் எல்லாரும் ஒரு படி பிதுக்கி முடித்து எழுந்தபோது நான் ஒரு கைப்பிடிகூடத் தாண்டவில்லை. "மாப்பிள்ள பிதுக்கறதுக்குள்ள அவரை மொளச்சிரும்" என்று மச்சான் கேலி பேசினாரே! இந்த மத்திகிரியிலேயே என் அளவுக்கு மெதுவாகப் பிதுக்கக்கூடியவன் கிடையாது. இந்தத் திறமைக்கு ஒரு காலம் வரும் என்று யார் கண்டது?

"நானே உக்கார்றேன்!" என்றேன்.

"ஏங்க, உங்க சபதம்?"

"அது பிதுக்கறதுக்கு. இது ஷூட்டிங்."

"கை படுதேங்க?"

"படும். ஆனா அது நடிப்பு. படத்துல சாகறவன் நெசமாவா சாகறான்?"

"ஓ, நடிப்பா," என்றாள். "சரிங்க."

அந்த ஞாயிறு எல்லாம் கூடி வந்தது. பனி இல்லை, மேகம் அளவாக இருந்தது. பூங்கொடி தானே மேலே வந்து, பெரிய தாம்பாளத்தில் ஊறவைத்த அவரையை மலைபோலக் குவித்தாள்.

"இவ்வளவா?"

"நடுவுல தீந்துபோச்சுன்னா படம் கெட்டுருமில்லங்க. பக்கத்து வீட்டுங்களதும் வாங்கி ஊறப்போட்டேன்."

என் மேல் எவ்வளவு அக்கறை! நெகிழ்ந்துபோனேன். இறங்கப் போனவள் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை மொட்டையா இருக்குது. எங்க அண்ணன் போட்ட மோதிரத்தப் போட்டுக்கங்க. பாக்கறவங்களுக்கு யாரு கைன்னு தெரியணுமில்ல."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போட்டுக்கொண்டேன்.

மோட்டாரைப் போட்டேன். ஒரு கை கேமராவின் செட்டிங் சக்கரத்தில், ஒரு கை அவரையில். கேமரா 'க்ளிக்' என்னும். நான் ஒன்றைப் பிதுக்குவேன். மறுபடி 'க்ளிக்'. மறுபடி ஒன்று. ஒரு பருப்பு துள்ளி லென்ஸை உரசிக்கொண்டு போய் பேட்டரி மேல் விழுந்தது. உயிர் போய் வந்தது. ஆனால் போகப் போக ஒரு தாளம் வந்துவிட்டது. வெயில் இறங்கியது, நான் பிதுக்கினேன். வானம் சிவந்தது, நான் பிதுக்கினேன். கோயில் விளக்கு எரிந்தது, ஃபேக்டரி விளக்கு எரிந்தது, வெள்ளைப் பருப்பு குவிந்துகொண்டே வந்தது. கீழே எங்கள் வீட்டில் பூங்கொடி கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வேலை செய்ததில்லை.

அன்றைக்கு எங்கள் தெருவில் அத்தனை வீட்டிலும் பிதுக்குப் பருப்புக் குழம்பு. மறுநாள் கைரேகை மெஷின் சிவப்பு காட்டியது. நான் கவலைப்படவில்லை. கலைஞனுக்கு அடையாளம் விரலிலா இருக்கிறது?

குடும்ப தினம் வந்தது. கிளம்பும்போது சரோஜம்மாளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றார்.

"இவங்க எதுக்கு?" என்று பூங்கொடியிடம் கிசுகிசுத்தேன்.

"குடும்ப தினம்தானேங்க. அவங்களும் நம்ம குடும்பம் மாதிரிதான்."

என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி மைதானத்தில் பெரிய திரை. முதல் வரிசையில் எம்.டி. என் படம் ஓடியது. திரையில் ஓசூர் தங்கமாக ஜொலித்தது. கேமரா மிதந்துகொண்டே அவரைக் குவியலைத் தாண்டிப் போனது. மோதிரம் போட்ட ஒரு கை, சீராக, மெதுவாக. ஒரு குன்று கரைய, ஒரு குன்று வளர, பின்னால் பகல் கரைந்து ஊர் முழுக்க விளக்காகப் பூத்தது. அப்புறம் கைதட்டல். உள்ளூர் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். எம்.டி.யும் தட்டினார். முதல் பரிசு எனக்குத்தான். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஹாட்பேக் கொடுத்தார்கள்.

நாராயணப்பன் மைக்கை நீட்டினார். "பிரமாதம் பொன்னுசாமி! ஆனா ஒரு சந்தேகம். அந்தக் கை யாரோடது? ஏதாவது கேமரா தந்திரமா?"

"என் கைதான் சார்!"

"உங்க கையா? நீங்க உண்மையிலேயே அவ்வளவையும் பிதுக்கினீங்களா? இல்ல, சும்மா கைய வெச்சு நடிச்சீங்களா?"

நடிப்பா? எனக்கு ரத்தம் கொதித்தது. சாயங்காலம் பூரா உட்கார்ந்து உயிரைக் கொடுத்து எடுத்த படம். எம்.டி. பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கை வாங்கி மைதானமே அதிர முழங்கினேன்.

"நடிப்பெல்லாம் இல்ல சார்! அத்தனையும் நெசம்! ஒவ்வொரு கொட்டையையும் நானே தொட்டு, நானே பிதுக்கினேன்!"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், மூன்றாவது வரிசையில், பூங்கொடி நிதானமாகச் சரோஜம்மாள் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். அவள் ஏதோ கேட்டாள். சரோஜம்மாள் தலையை ஆட்டினார். என் கையில் இருந்த மைக் கனத்தது.

நான் இறங்கிப் போய் உட்கார்ந்தேன்.

"கேட்டீங்களாம்மா?" என்றாள் பூங்கொடி, என்னைப் பார்க்காமல்.

"கேக்காம? தமிழ்ல கேட்டேன், மனசுக்குள்ள கன்னடத்துல ஒரு தடவை, தெலுங்குல ஒரு தடவை சொல்லியும் பாத்துக்கிட்டேன். மூணுலயும் தொட்டான்னுதான் வருது," என்றார் சரோஜம்மாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹாட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "பூங்கொடி, நெசத்தச் சொல்லு. இதெல்லாம் எப்ப யோசிச்ச? படத்துல ஒண்ணும் நகரலன்னு சொன்னியே, அப்பவா?"

"இல்லங்க."

"பின்னே? மோதிரம் போடச் சொன்னப்பவா?"

"அது கடைசியிலங்க. நீங்க சட்டம் போட்டீங்களே, சாயங்காலம் பூரா மாடியிலயே இருக்கணும், அந்த இடத்த விட்டு நகரவே முடியாதுன்னு. கைய வெச்சுக்கிட்டு ஒரு ஆம்பள அத்தனை நேரம் சும்மா உக்காந்திருக்கறதான்னு அப்பவே தோணுச்சுங்க. அப்புறம் எல்லாம் நீங்களேதான் சொன்னீங்க. அவரைன்னு சொன்னது யாரு? நானே உக்கார்றேன்னு சொன்னது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். எல்லாம் நான்தான். அவள் சொன்னதெல்லாம் 'சரிங்க' மட்டும்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. நான் நாலு பல்சக்கரம் வைத்து ஒரு கேமராவை நகர்த்தினேன். இவள் ஒரு சக்கரமும் இல்லாமல் என்னை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தியிருக்கிறாள், எனக்கே தெரியாமல். என்ன மனுஷி! இவளை டூல் ரூமில் வைத்தால் கம்பெனி எங்கேயோ போய்விடும். அதை அவளிடமே சொன்னேன். அவள் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே எங்கள் படத்தில் வந்த அதே விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டு வாசலில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. அவரை சீசன்தான் முடிந்துவிட்டதே என்று அவிழ்த்துப் பார்த்தேன். புளி. ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்க வேண்டிய புளி. வருஷத்துக்கான புளி. மச்சானுக்கு மாப்பிள்ளை மேல் பாசம் குறையவே இல்லை.

எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. சபதப்படி செய்வதுதான் செய்கிறோம், கலையாகவே செய்துவிட்டால் கௌரவமாவது மிஞ்சும்.

"இதுவும் நல்லா வரும் பூங்கொடி," என்றேன். "புளி ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். நாளைக்கே சுபாஷ்கிட்ட கேமரா கேக்கட்டுமா?"

"கேமரா வேணாங்க," என்றாள் பூங்கொடி. "இந்தத் தடவை கை மட்டும் போதும்."